எண்ணின் முன்னிலக்கமும் சைபரின் மதிப்பும்
வியாபாரிகளுக்கு ஒரு கணக்குப் பாடம்



கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் இட்டிருக்கும் கட்டளை. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், கடனை எழுதி வைப்பது பற்றிய வசனமே அது (அல்பகரா, 282). எழுதுகிறவர் நேர்மையோடு எழுத வேண்டும் என்றும் அவ்வசனம் வற்புறுத்துகிறது. நம் முன்னோர் நாள்வழியிலும் பேரேட்டிலும் கைப்பட எழுதினார்கள். இன்று மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அந்த வேலையைப் பெரும்பாலும் கணினி செய்கிறது. ஆனால் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இன்றும் முதலாளியிடமும் கணக்கப்பிள்ளையிடமுமே இருக்கிறது.

ஆகவே கணினி எண்களை எப்படிக் கையாளுகிறது என்பதில் ஒரு சிறு பகுதியை இங்கே பார்ப்போம். ஒரு முழு எண்ணிலிருந்து அதன் முதல் ஓரிரு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி என்பதே பாடம். கேட்பதற்கு இலேசான காரியந்தான். ஆனால் இதில் ஒரு சைபரைத் தொலைத்தவர் தம் சரக்கையே மாற்றி எழுதிவிடக்கூடும் என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

1. முன்னிலக்கம் எதற்கு?

நாம் அன்றாடம் கையாளும் பல எண்களில் முக்கியமான செய்தி முன்னால்தான் இருக்கிறது. நம் அடையாளக் கார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். 10 என்பது சிலாங்கூரையும் 14 என்பது கோலாலம்பூரையும் குறிக்கும். பொட்டலத்தின் மேலுள்ள கோட்டுக் குறியீடு 955 என்று தொடங்கினால் அந்த எண் மலேசியாவில் வழங்கப்பட்டது. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் வழங்கப்பட்டது. (சரக்கு எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது.) கம்பெனிப் பதிவகம் 2019 அக்டோபர் 11 முதல் வழங்கிவரும் 12 இலக்கப் பதிவெண்ணில் முதல் நான்கும் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டும் நிறுவனத்தின் வகை. சுங்க இலாகாவின் சரக்குக் குறியீட்டிலோ முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம்; நான்கு இலக்கம் தலைப்பு; ஆறு இலக்கம் உட்பிரிவு.

பட்டியலில் பத்து வரி இருந்தால் கண்ணாலேயே பார்த்துப் பிரித்துவிடலாம். பத்தாயிரம் வரி இருந்தால் கணினியிடந்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சொல்லும் கட்டளைத் தொகுப்பையே நிரல் என்கிறோம்.

2. வகுத்து எடுக்கும் முறை

நிரல் எழுத ஆங்கிலந்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதும்படி, ‘எழில்’ என்ற நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் 2007 முதல் உருவாக்கி, 2013இல் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அது பைத்தான் என்ற மொழியின்மீது கட்டப்பட்டது. நம் பாடத்தின் முதல் நிரலை எழிலிலேயே எழுதுவோம்.

ஒரு கடையின் மாத விற்பனை 48,250 வெள்ளி என்போம். அதன் முதல் இலக்கமாகிய 4 மட்டும் நமக்கு வேண்டும்.

தொகை = 48250
@( தொகை > 9 ) வரை
    தொகை = ( தொகை - தொகை % 10 ) / 10
முடி
பதிப்பி தொகை

இதை வரிவரியாகப் படிப்போம். முதல் வரி, தொகை என்ற பெயரில் 48250ஐ வைக்கிறது. இரண்டாம் வரி, தொகை 9க்கு மேல் இருக்கும்வரை கீழேயுள்ள வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்கிறது. மூன்றாம் வரியில் வரும் % குறியைச் சதவீதம் என்று எண்ணிவிடக் கூடாது. வகுத்தபின் நிற்கும் மீதி என்பதே இங்கு அதன் பொருள். 48250ஐப் பத்தால் வகுத்தால் மீதி 0. அந்த மீதியைக் கழித்துப் பத்தால் வகுக்க 4825 கிடைக்கும். 4825இல் மீதி 5. அதைக் கழித்து வகுக்க 482. பிறகு 48. பிறகு 4. நான்கு 9க்கு மேற்பட்டதல்ல. ஆகவே சுற்று நின்றுவிடும். கடைசி வரி விடையைத் திரையில் காட்டும்.

மீதியை முதலில் கழிப்பது ஏன்? சில மொழிகளில் 4825ஐப் பத்தால் வகுத்தால் 482.5 என்று பின்னத்தோடு வரும். சிலவற்றில் பின்னத்தை வெட்டிவிட்டு 482 என்று வரும். மீதியைக் கழித்துவிட்டால் எந்த மொழியானாலும் வகுத்தல் பிசகின்றி முடியும். பைத்தானில் இதற்கென்றே இரட்டைச் சாய்கோடு உண்டு: தொகை // 10 என்று எழுதினால் பின்னமில்லாத ஈவு மட்டும் கிடைக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நிலுவைத் தொகை கழித்தல் குறியோடு இருந்தால், உதாரணமாக -48250 என்றிருந்தால், அது 9க்கு மேற்பட்டதல்ல என்று கருதி நிரல் ஒரு சுற்றுங்கூடச் சுற்றாமல் அப்படியே வெளியிட்டுவிடும். குறியை முதலில் நீக்கிவிட வேண்டும். அதுபோலவே 75 சென்னை 0.75 வெள்ளி என்று கொடுத்தால் 7 கிடைக்காது. எல்லாத் தொகையையும் சென்னாக மாற்றிக்கொண்டு தொடங்குவதே நல்லது.

3. பதிவெண்ணிலிருந்து ஆண்டு

முதல் இலக்கம் ஒன்றுக்குப் பதிலாக முதல் நான்கு இலக்கம் வேண்டுமென்றால், நிரலில் 9 இருக்கும் இடத்தில் 9999 என்று எழுதினால் போதும். இரண்டு வேண்டுமானால் 99. ஆறு வேண்டுமானால் 999999.

201903999999 என்ற கற்பனைப் பதிவெண்ணை எடுத்துக்கொள்வோம். எல்லை 9999 என்று வைத்தால், எட்டுச் சுற்றுச் சுற்றி 2019 என்ற ஆண்டைத் தரும். எல்லை 999999 என்று வைத்தால் 201903 வரும். அதில் கடைசி இரண்டு இலக்கத்தை எடுக்க நூறால் வகுத்து மீதியைக் காண வேண்டும். 03 என்பது தனிநபர் அல்லது பங்காளி வியாபாரம். 01 என்பது உள்நாட்டுக் கம்பெனி. 04 என்பது வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை.

நிற்க. 201903 % 100 என்று கேட்டால் கணினி 03 என்று சொல்லாது. 3 என்றே சொல்லும். பதிவகத்தின் பட்டியலில் இருப்பதோ 03. இரண்டு இலக்கம் இருந்த இடத்தில் ஓர் இலக்கம் நிற்கிறது. நடுவிலிருந்த சைபர் எங்கே போயிற்று? பாடத்தின் நெஞ்சு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

4. தொகையும் பெயரும்

நாம் வழங்கும் ‘சைபர்’ என்ற சொல்லின் வேர் ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல். வெறுமை என்பது அதன் பொருள். கலீஃபா அல்மஃமூன் காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையைக் குறித்து நூல் எழுதினார். அந்நூல் பின்னர் இலத்தீன் மொழிக்குப் போனபோது அவருடைய பெயரே திரிந்து ‘அல்காரிதம்’ ஆயிற்று. படிப்படியாகச் செய்யும் கணக்கு முறைக்கு இன்று உலகமெங்கும் அதுவே பெயர். மேலே நாம் எழுதிய ஐந்து வரியும் ஓர் அல்காரிதமே.

அம்முறையில் ஓர் இலக்கத்துக்கு வலப்புறம் சைபரைச் சேர்த்தால் மதிப்பு பத்து மடங்காகும். இடப்புறம் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. 904 வெள்ளியும் 0904 வெள்ளியும் ஒன்றே. கணினிக்குத் தெரிந்த நியாயமும் இதுதான். ஆகவே முழு எண் என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் முன்னாலுள்ள சைபரை அது வீண் சுமையென்று தள்ளிவிடும்.

ஆனால் நம் கடையில் புழங்கும் எண்கள் எல்லாம் தொகைகளா? இல்லை. சில எண்கள் பெயர்கள். அடையாளக் கார்டு எண், டெலிபோன் எண், சரக்குக் குறியீடு இவையெல்லாம் இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்களே. பெயரில் வரும் சைபர் ஓர் எழுத்து. இப்ராஹிம் என்ற பெயரில் முதலெழுத்தை எடுத்துவிட்டால் அது அவர் பெயராக நிற்காதல்லவா?

ஓர் எண் தொகையா பெயரா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இந்த எண்கள் இரண்டைக் கூட்டினால் அதற்கு ஏதாவது பொருள் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் விற்பனையைக் கூட்டலாம். ஆகவே அது தொகை. இரண்டு பேருடைய அடையாளக் கார்டு எண்ணை யாரும் கூட்டுவதில்லை. ஆகவே அது பெயர். தொகையின் முன்னிலக்கத்தை வகுத்து எடுக்கலாம். பெயரின் முன்னிலக்கத்தை வகுத்து எடுக்கக் கூடாது.

5. பருப்பு பொன்னாகும் விந்தை

இதை மீறினால் என்ன நேரும் என்பதற்குச் சுங்கக் குறியீட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1988 ஜனவரி முதல் உலக நாடுகள் வழங்கிவரும் பொதுச் சரக்கு வரிசையில் கடைசி அத்தியாயம் 97. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கை இறக்க, கே1 பாரத்தில் எழுதும் குறியீடும் இந்த வரிசையிலிருந்தே தொடங்குகிறது. அதில் 01 முதல் 09 வரையுள்ள அத்தியாயங்களைப் பாருங்கள்: மீன் 03, பாலும் முட்டையும் 04, பூ 06, காய்கறியும் பருப்பும் 07, பழம் 08, காப்பி, தேயிலை, மசாலைச் சரக்கு 09. அரிசி (10), நகை (71), துணிமணி (50 முதல் 63 வரை) நீங்கலாக, நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாங்கி விற்கும் பண்டங்களில் பெரும்பகுதி சைபரில் தொடங்கும் அத்தியாயங்களிலேதான் இருக்கிறது.

இப்பொழுது ஒருவர் இந்தக் குறியீடுகளை எக்ஸெல் தாளில் சாதாரண எண்ணாகத் தட்டெழுதி, முதல் இரண்டு இலக்கத்தைப் பிரித்து அத்தியாயவாரியாகத் தொகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

உலர்ந்த பருப்பின் தலைப்பு 0713. சைபர் விழுந்தால் 713. முதல் இரண்டு இலக்கம் 71. அது முத்து, இரத்தினம், பொன் ஆகியவற்றின் அத்தியாயம்.

பேரீச்சம்பழம் 0804. அது 804 ஆகி, 80 என்று பிரியும். அது வெள்ளீயம். வெள்ளீயம் தேடி 1857இல் ஆற்றோடு வந்தவர்களால் எழுந்த ஊர் கோலாலம்பூர் என்பது உண்மையே. ஆனாலும் நோன்பு திறக்க நாம் வாங்குவது அதையல்ல.

மிளகு 0904. அது 90 ஆகிவிடும். மூக்குக்கண்ணாடி, நுண்ணோக்கி, அளவுக் கருவிகளின் அத்தியாயம் அது.

மஞ்சள் 0910. அது 91 ஆகும், கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம்.

கருவாடு 0305. அது 30 ஆகும், மருந்து வகை.

வெங்காயம் 0703. அது 70 ஆகும், கண்ணாடிச் சாமான்.

சிரிப்பு வருகிறது. ஆனால் கணினி இதில் எங்கும் பிழை என்று சொல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். 71, 80, 90, 91, 30, 70 எல்லாமே செல்லுபடியாகும் அத்தியாயங்கள். இல்லாத குறியீடாக இருந்தால் உடனே பிடிபடும். இருக்கிற குறியீடாகவே தவறிப்போவதால் தொகுப்பறிக்கை ஒழுங்காகவே தோன்றும். வெங்காயம் விற்ற கணக்கு கண்ணாடிச் சாமான் கணக்கோடு சேர்ந்திருப்பது, யாராவது சரக்கையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை வெளிப்படாது.

மின்விலைப்பட்டியல் முறையிலும் இதே கண்ணி இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் வருமான வரி வாரியம் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்த அம்முறையில், தொகுத்து அனுப்பும் விலைப்பட்டியலின் வகைக் குறியீடு 004. ‘இதர’ வகை 022. விலைப்பட்டியல் 01, வரவுக் குறிப்பு 02. எல்லாம் சைபரில் தொடங்குபவை, எல்லாம் பெயர்கள்.

6. எழுத்தாக எடுக்கும் முறை

பெயரைப் பெயராகவே கணினியிடம் கொடுக்க வேண்டும். அதற்கு வழி, எண்ணை மேற்கோள் குறிக்குள் இடுவது. அப்பொழுது கணினி அதைத் தொகையாகக் கருதாமல் எழுத்துத் தொடராகக் கருதும். பைத்தான் மொழியில் இப்படி:

குறியீடு = "090411"
அத்தியாயம் = குறியீடு[:2]
தலைப்பு = குறியீடு[:4]

[:2] என்றால் தொடக்கத்திலிருந்து இரண்டு எழுத்து. [:4] என்றால் நான்கு எழுத்து. விடை முறையே 09, 0904. சைபர் தன் இடத்தில் நிற்கிறது. வகுத்தலும் இல்லை, சுற்றும் இல்லை. மேற்கோள் குறியில்லாமல் 090411 என்று எழுதினால் இன்றைய பைத்தான் அதை ஏற்காமல் பிழை என்று நிறுத்திவிடும். அது நமக்கு உபகாரமே. சி மொழியில் அப்படியில்லை: சைபரில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக அது எடுத்துக்கொள்ளும்; 010 என்று எழுதினால் எட்டு என்று பொருள் கொள்ளும்.

எக்ஸெல் தாளில் வேலை செய்கிறவர்கள், தட்டெழுதுவதற்கு முன்னரே அந்தப் பத்தியை ‘எழுத்து’ வகையாக மாற்றிவிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். முதல் இரண்டு எழுத்தை எடுக்க அதில் ‘லெஃப்ட்’ என்ற சூத்திரம் இருக்கிறது. தட்டெழுதியபின் வகையை மாற்றினால் போன சைபர் திரும்பி வராது. மேலும், எண்ணாகக் கொடுத்தவற்றில் எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 16 இலக்க வங்கிக் கார்டு எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும். முன்னாலும் இழப்பு, பின்னாலும் இழப்பு!

7. தொலைந்த சைபரை மீட்பது

ஏற்கெனவே தொலைத்த பட்டியலைச் சீர்செய்ய முடியுமா? எண்ணின் முழு நீளம் நமக்குத் தெரிந்திருந்தால் முடியும். அடையாளக் கார்டு எண் எப்பொழுதும் 12 இலக்கம். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் சைபரில் தொடங்கும். இன்று நம் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் இவர்களே. சம்பளப் பட்டியலில் ஒருவருடைய எண் 11 இலக்கமாக நின்றால், முன்னால் ஒரு சைபர் விழுந்திருக்கிறது என்று கொண்டு, 12 ஆகும்வரை சைபர் சேர்க்கலாம்.

சுங்கக் குறியீட்டுக்கு நீளம் ஒன்றாக இராது. 4, 6, 8, 10 என்று வரும். எனினும் இவை யாவும் இரட்டைப்படை. 00 என்ற அத்தியாயம் கிடையாது என்பதால் முன்னால் தொலைவது ஒரே ஒரு சைபர்தான். ஆகவே புள்ளியில்லாமல் எழுதிய குறியீட்டில் இலக்கங்கள் ஒற்றைப்படையாக நின்றால் ஒரு சைபர் போயிற்று என்று உறுதியாகச் சொல்லலாம். 90411 ஐந்து இலக்கம். எனவே அது 090411.

புள்ளியோடு எழுதியவர்கள் பாடு இன்னும் சங்கடம். பேரீச்சம்பழத்தை 0804.10 என்று தட்டினால் கணினி அதைப் பின்ன எண்ணென்று கருதி, முன்சைபரையும் பின்சைபரையும் சேர்த்தே உதிர்த்து, 804.1 என்று வைத்துக்கொள்ளும். இதில் புள்ளியை நீக்கினால் 8041. நான்கு இலக்கம், இரட்டைப்படை! ஒற்றை இரட்டைச் சோதனை இங்கே ஏமாந்துவிடும். ஆகையால் புள்ளியுள்ள பட்டியலில் புள்ளிக்கு முன் நான்கும் பின் இரண்டுமாக நிரப்பிய பிறகே புள்ளியை எடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மூலச் சீட்டைப் பார்ப்பதே நேர்வழி.

8. தொகையின் முதல் இலக்கம் சொல்லும் செய்தி

தொகைக்கும் முன்னிலக்கம் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. 1881இல் சைமன் நியூகோம் என்ற வானியல் அறிஞரும், 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற பௌதிக அறிஞரும் கண்டெழுதிய உண்மை இது: சிறிதும் பெரிதுமாக விரிந்து கிடக்கும் பல தொகைகளின் பட்டியலில், 1 என்று தொடங்குபவை சுமார் 30 சதவீதம், 9 என்று தொடங்குபவை 5 சதவீதத்துக்கும் குறைவு. 100 வெள்ளி வியாபாரம் 200 ஆக இரட்டிக்க வேண்டும். 900 வெள்ளி வியாபாரம் 1000 ஆக ஒன்பதில் ஒரு பங்கு வளர்ந்தால் போதும். ஆகவே 1இல் தங்கும் காலம் நீளம்.

கணக்கு ஆய்வாளர்கள் செலவுச் சீட்டுகளின் முதல் இலக்கத்தை நம் எழில் நிரல் போன்ற ஒன்றால் எடுத்து, இந்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். மனத்தில் தோன்றியபடி புனைந்த தொகைகள் பெரும்பாலும் இதற்கு ஒத்துவருவதில்லை. ஆனால் எல்லாச் சாமானும் ஒரே விலை வட்டத்துக்குள் இருக்கும் கடையில் இது பொருந்தாது. பொருந்தாமை மேலும் விசாரிக்கத் தூண்டுமேயன்றி ஒருவரைக் குற்றவாளியாக்காது. வெறும் சந்தேகத்தைக் கொண்டு சகோதரன்மேல் பழி சுமத்துவது நமக்கு ஆகாது.

9. பயிற்சி

(1) 73,960 வெள்ளியின் முதல் இலக்கத்தை எழில் நிரல் எத்தனை சுற்றில் எடுக்கும்?

(2) மஞ்சளின் உட்பிரிவு பட்டியலில் 910.3 என்று நிற்கிறது. சரியான குறியீடு என்ன?

(3) சம்பளப் பட்டியலில் ஓர் அடையாளக் கார்டு எண் 105100000 என்று நிற்கிறது (கற்பனை எண்). உரியவர் பிறந்தது எப்பொழுது, எங்கே?

(4) 202404999999 என்ற கற்பனைப் பதிவெண்ணின் ஆண்டும் வகையும் யாவை?

விடைகள்: (1) நான்கு சுற்று, முதல் இலக்கம் 7. (2) 0910.30. (3) மூன்று சைபர் சேர்க்க 000105-10-0000. 2000 ஜனவரி 5, சிலாங்கூர். (4) 2024, வகை 04, வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை.

சகோதரர்கள் இந்த வாரமே தங்கள் கடைக் கணினியில் சரக்குப் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் திறந்து, சைபரில் தொடங்க வேண்டியவை சைபரில்தான் தொடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்வார்களாக. கணக்கும் ஓர் அமானத். அல்லாஹ் நம் எழுத்தில் நேர்மையையும் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.